அபயதானமும் ஒரு பகல் வீடும்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தானங்கள் நான்கு என்பது நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி. அவற்றுள் மூன்றை நம் அறக்கட்டளை ஆண்டுதோறும் குறைவின்றிச் செய்து வருகிறது. விழாநாளில் உணவளிக்கிறோம்; மருத்துவ முகாம் நடத்துகிறோம்; மாணவர்களுக்கு நூல்களும் உதவித்தொகையும் தருகிறோம். நான்காவதாகிய அபயதானத்தை மட்டும், உயிர்க்கொலை தவிர்த்தல் என்ற அளவோடு நிறுத்திவிட்டோமோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. அந்த ஐயத்தை எனக்குள் விதைத்த ஊர் தென்காசி.

வந்தவாசியும் மேல்சித்தாமூரும் சொந்த ஊராக உள்ள நம்மவர்க்குத் தென்காசி தொலைவான ஊர்தான். ஆசிரியப் பணி என்னை அங்கு கொண்டு சேர்த்தது. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம். ஆனி, ஆடி மாதங்களில் மலையில் சாரல் இறங்கினால் பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் நிரம்பும்; உடனே ஊரும் நிரம்பும். விடுதிகளில் துணி துவைக்கவும், உணவகங்களில் பாத்திரம் துலக்கவும் ஆள் தேடும் காலம் அது. கணவனால் கைவிடப்பட்டவர், அடிக்கு அஞ்சி இரவோடிரவாக வெளியேறியவர், வாடகை கொடுக்க இயலாமல் வீட்டை இழந்தவர் எனப் பல பெண்கள் பிள்ளைகளோடு அங்கு வந்து சேர்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சூரியன் மறையுமுன் உண்டுவிட வேண்டும் என்ற நம் வழக்கப்படி, ஒரு கடைத் திண்ணையருகே அவசரமாகப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அதே திண்ணையில் ஒரு பெண், பத்து வயதுப் பையன், மூன்று வயதுப் பெண் குழந்தை. உணவை நீட்டினேன். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: “சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல டீச்சர். பகல்ல இந்தப் பிள்ளைய எங்க விட்டுட்டு வேலைக்குப் போக?”

இரவு பற்றித்தான் அவர் பேசுவார் என எதிர்பார்த்திருந்தேன். வீடற்றவர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது இரவும் குளிரும் பாயும்தானே! மேலும் கேட்டபோதுதான் அவருடைய பகல் எனக்குப் புரியத் தொடங்கியது. குளிப்பதற்கென்றே உலகம் கூடும் அந்த ஊரில், கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க அவருக்கு ஓர் இடம் இல்லை. துவைத்த சேலையை உலர்த்தினால், அது உலரும்வரை பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். அன்றைய கூலியை வைக்க முந்தானை முடிச்சைத் தவிர வேறு பெட்டி இல்லை. தென்காசி வட்டாரத்துப் பெண்கள் பல்லாயிரவருக்குச் சோறு போடுவது பீடி சுற்றும் தொழில். அதுவும் இலையையும் தூளையும் வாங்கிச் சென்று வீட்டில் இருந்து செய்யும் வேலை. ஈரம் படாத தரை வேண்டும், கொடுத்து வாங்க நம்பிக்கையான முகவரி வேண்டும். வீடு இல்லாதவருக்கு அந்த வேலையும் இல்லை.

அரசின் பெண்கள் இல்லம் ஒன்றில் சேரலாமே என்றேன். பையனைப் பார்த்தார். “இவன வேற இடத்துல விடச் சொல்லுவாங்க டீச்சர்” என்றார். அது வீண் அச்சமன்று. ஆண் பிள்ளை குறிப்பிட்ட வயதைக் கடந்துவிட்டால், தாயோடு இருக்க விடாமல் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பும் விதி பல இல்லங்களில் உண்டு. பிறந்த வீடும் புகுந்த வீடும் கைவிட்ட ஒருத்திக்கு எஞ்சிய உறவு அந்தப் பையன். அவனைக் கொடுத்துக் கூரையைப் பெற அவர் உடன்படவில்லை. எத்தனை தாய்மார்கள் உடன்படுவார்கள்?

இனி என் குறையைச் சொல்ல வேண்டும். பையனைப் பள்ளிக்கு அழைத்து வரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை, தலை வாரி, துவைத்த சட்டையோடு அழைத்து வந்தார். மாற்றுச் சான்றிதழ் கேட்டேன். இல்லை என்றார். திங்கட்கிழமை வாருங்கள், பார்க்கலாம் என்றேன். கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மாற்றுச் சான்றிதழோ வயதுச் சான்றோ இல்லை என்பதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அச்சட்டம் சொல்வதை அறிந்தவள்தான் நான். அறிந்தும், பதிவேட்டில் குறை வருமே என்று தயங்கினேன். திங்கட்கிழமை அவர்கள் வரவில்லை. குற்றாலம் சென்று தேடினேன். சாரல் ஓய்ந்து கடைகள் அடைத்திருந்தன; திண்ணை வெறுமையாகக் கிடந்தது.

இவர்கள் எந்தக் கணக்கிலும் அகப்படுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர் வீடற்றோர் எனப் பதிவாயினர். அவர்களை எண்ணியது பிப்ரவரி 28ஆம் நாள் இரவில். பிப்ரவரியில் குற்றாலத்து அருவிகள் பெரும்பாலும் மெலிந்து கிடக்கும். சாரலோடு வருவோர் அங்கு இருக்கமாட்டார்கள். நகர்ப்புறக் காப்பகங்களுக்கு வகுத்த அளவோ ஓர் இலட்சம் மக்களுக்கு ஒன்று. 2011இல் தென்காசி நகராட்சியின் மக்கள்தொகை எழுபதாயிரத்தை ஒட்டியது; குற்றாலம் சிறு பேரூராட்சி. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பின் அலுவலகங்கள் அருகில் வந்துள்ளன என்பது நன்மையே. வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கென மாவட்டந்தோறும் ஒருங்கிணைந்த சேவை மையம் வகுக்கப்பட்டுள்ளது. 181 என்ற எண்ணை அழைத்தால் வழிகாட்டுவார்கள், குழந்தைகளுக்கு 1098. ஆனால் அம்மையத்தில் தங்கல் ஐந்து நாள் அளவே. ஆறாம் நாள் காலையில் அந்தப் பெண் எங்கே போவார் என்பதே என் கேள்வி.

இது நம் மரபுக்குப் புதிய கேள்வி அன்று. வந்தவாசியை அடுத்த வேடல் கல்வெட்டை உங்களில் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், கனகவீரக் குரத்தியார் என்ற பெண் ஆசிரியருக்கும் அவருடைய ஐந்நூறு மாணாக்கியர்க்கும் மற்றொரு பிரிவினரோடு பூசல் எழுந்தபோது, அவர்களைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை அவ்வூர் இல்லறத்தார் ஏற்றுக்கொண்டனர். விளாப்பாக்கத்தில் பட்டினிக் குரத்தியார் எடுத்த கிணறும் அதனோடு ஒரு மனையும் பெண்பள்ளியாக அமைந்ததைப் பராந்தக சோழர் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. அவர்கள் துறவியர், நான் பேசுவது இல்லறத்தில் அடிபட்டோரைப் பற்றி என்பதை அறிவேன். ஆயினும் பெண்களுக்கென ஒரு கிணறு, ஒரு மனை, பொறுப்பேற்க ஊரார் என்ற அந்த அமைப்பு எனக்குப் போதுமான முன்மாதிரி.

தஞ்சை மராட்டியர் சத்திரங்களைப் பற்றி இரண்டாம் சரபோஜி மன்னர் 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. சத்திரத்தில் தங்கும் கருவுற்ற பெண்ணுக்கு அங்கேயே பேறு பார்ப்பார்கள். மருந்தும் உணவும் தருவார்கள். பிள்ளை பெற்றபின் மூன்று மாதம் வரை இருக்கலாம் என்கிறது அக்கடிதம். அன்றைய மூன்று மாதத்தையும் இன்றைய ஐந்து நாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

இடம் கொடுத்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். சந்தனையின் வரலாற்றை நினையுங்கள். பகவான் மகாவீரருக்கு அவர் ஆகாரம் அளித்ததை இன்று காலையிலும் கேட்டோம். அதற்குமுன் அவர் இருந்தது எங்கே? கடத்தப்பட்டு வந்த அவருக்கு ஒரு வணிகன் தன் இல்லத்தில் இடம் அளித்தான். அந்த இல்லத்திலேயே, அவன் மனைவியின் ஐயத்தால், அவர் விலங்கிடப்பட்டுக் கிடந்தார். அடைக்கலம் தந்த வீடே சிறையானது. தாழ்ப்பாள் தங்கும் பெண்ணின் கைக்கு எட்டுமாறு இருக்க வேண்டும். வந்தவரிடம் கதையைக் கேட்டுக் குற்றம் தேடும் வழக்கம் நம் பெண்களிடமும் உண்டு. அது அங்கு நுழையக் கூடாது.

இளையோருக்கு ஒரு சொல். சென்னையில் மனநலம் குன்றித் தெருவில் நின்ற ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள இடம் கிடைக்காமல் அலைந்த வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள் 1993இல் ‘தி பேனியன்’ அமைப்பைத் தொடங்கினர். அவர்களின் இல்லத்துக்கு ‘அடைக்கலம்’ என்று பெயர். வயது வரட்டும், வசதி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நான் கேட்பது சிறியது. தென்காசியில் பேருந்து நிலையத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு அறை, கிணறு, தாழ்ப்பாள் உள்ள குளியலறை, துணி உலர்த்த மாடி. காலை ஐந்து மணிக்குத் திறக்க வேண்டும். உணவக வேலை அந்நேரத்தில்தான் தொடங்குகிறது. ஒரு தூளி, குழந்தைகளைப் பார்க்க ஓர் ஆயா, ஒவ்வொரு பெண்ணுக்கும் பூட்டோடு ஒரு சிறு அலமாரி. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களை அருகிலுள்ள அங்கன்வாடியிலும், மற்றவர்களைப் பள்ளியிலும் சேர்க்கும் வேலையை என்னோடு பணியாற்றிய ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நால்வர் ஏற்கிறார்கள். யாரும் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இரவுத் தங்கலை இப்போதே தொடங்கலாகாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான இல்லம் நடத்த 2014ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவும் உரிமமும் வேண்டும். நல்லெண்ணம் இருக்கிறது என்று கதவைத் திறந்துவிட்டு, பின்னர் அப்பெண்களையே அலைக்கழிக்க நேரக் கூடாது. விண்ணப்பத்தை இவ்வாண்டே அளிப்போம். அங்கீகாரம் பெற்ற இல்லத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை ஆதார் பதிவுக்கு ஏற்கிறார்கள். முகவரி இல்லாதவருக்கு அது முதல் முகவரி. பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரிக்காத வகையில் அந்த இல்லத்தை எப்படி அமைப்பது என்பதை, வழக்கறிஞர்களாக உள்ள நம்மவர் சிலர் அமர்ந்து ஆராய வேண்டும். எனக்கு அதற்கு விடை தெரிந்திருந்தால் இங்கு நின்று கேட்டுக்கொண்டிருக்கமாட்டேன்.

வீட்டு உரிமையாளர் வைகாசி இறுதிவரை பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆனியில் சாரல் தொடங்கிவிடும். அரங்கின் வாயிலருகே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். பெயருக்குப் பக்கத்தில், ஆண்டில் எத்தனை நாள் தென்காசி வந்து அந்த வீட்டில் பணியாற்ற இயலும் என்பதை எழுதுங்கள். நன்கொடைத் தொகை எழுதும் கட்டம் அதற்கு அடுத்தபடியாகத்தான் இருக்கிறது.