முகமும் மனமும்

முகத்திற் பட்ட காயம் சில மாதங்களில் ஆறிவிடுகின்றது. அக்காயம் மனத்தில் விதைத்த அச்சம் அவ்வளவு விரைவில் ஆறுவதில்லை. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முல்லைத்தீவுக் கரையிலே போர் முடிவுற்றபோது, எறிகணைச் சிதறலாலும் தீயாலும் வடுப்பட்டோர் பலர் வன்னியில் எஞ்சினர். கைகால் இழந்தோரின் துன்பத்தை உலகம் எளிதிற் காணும். கன்னத்திலும் கழுத்திலும் தழும்பு சுமப்போரின் துன்பமோ கணக்கில் ஏறுவதில்லை. கிளிநொச்சியில் பஸ் வண்டி ஏறினால் ஒரு பார்வை. வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு வைகாசிப் பொங்கலன்று சென்றால் ஒரு கேள்வி. வீட்டிலே கலியாணப் பேச்சு எழுந்தால் ஒரு மௌனம். இவற்றுக்கு அஞ்சி ஒடுங்கியிருப்போர் மனத்தில், சத்திரசிகிச்சை செய்துகொண்டால் யாவும் சீராகும் என்ற எண்ணம் எழுதல் இயல்பே.

அவ்வெண்ணம் முற்றிலும் பிழையன்று. தீப்புண் ஆறும்போது தோல் சுருங்கும். கழுத்திலே அவ்வாறு சுருங்கினால் மோவாய் நெஞ்சை நோக்கி இழுபடும். இறுகிய தழும்பை அறுத்து விடுவித்து, தொடையிலிருந்து எடுத்த தோலை அங்கே ஒட்டுதல் வெறும் ஒப்பனையா? நிமிர்ந்து உண்ணவும் தலையைத் திருப்பவும் உதவும் மருத்துவம் அது. ஆயினும், தழும்பை அடியோடு அழித்தல் எவராலும் இயலாது. பழைய தழும்புக்குப் பதிலாக, பார்வைக்குச் சற்று நல்லதான வேறொரு தழும்பையே கத்தி தருகின்றது. கருநிறத் தோலில் சில தழும்புகள் காயத்தின் எல்லையையும் கடந்து தடித்து வளர்வதுண்டு. அவற்றை வெட்டுவதோடு நிறுத்தினால் முன்னிலும் பெரிதாய் மீண்டும் வளரக்கூடும். இதனை முன்னரே எடுத்துரைக்காத வைத்தியர் நோயாளிக்கு நன்மை செய்தவராகார்.

சத்திரசிகிச்சையை நாடுவோரில் வேறொரு வகையினரும் உளர். பிறர் கண்ணுக்குப் புலப்படாத குறையொன்றை எண்ணி நாள்தோறும் மணிக்கணக்காக வருந்துவோர் இவர்கள். கண்ணாடியை விட்டு நீங்கார். அன்றேல் கண்ணாடிப் பக்கமே செல்லார். இந்நோயை 1891இல் இத்தாலிய மருத்துவர் என்ரிக்கோ மோர்செல்லி விவரித்துப் பெயரிட்டார். நூற்றுக்கு ஏறத்தாழ இருவரிடம் இது உண்டென்பர். அழகுச் சத்திரசிகிச்சை வேண்டி வருவோரிடையே இத்தொகை இன்னும் கூடுதல். இவர்களுக்குக் கத்தி பயன்படுதல் அரிது. மூக்கைத் திருத்தினால் கவலை மோவாய்க்குத் தாவும். உரையாடல்வழி நிகழும் உளச்சிகிச்சையும் சில மருந்துகளுமே பயன் தருவன. அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் மாக்ஸ்வெல் மோல்ட்ஸ், முகம் திருந்திய பின்னரும் தம்மை அவலட்சணராகவே கருதிய நோயாளரைக் கண்டு, ஒருவர் தம்மைப்பற்றி மனத்துள் வரைந்துகொள்ளும் சித்திரம் குறித்து 1960இல் நூலே எழுதினார். அந்நூல் தரும் வாக்குறுதிகள் சற்று மிகையே. அவர் கண்டது மெய்.

வடுவின் அளவைக்கொண்டு துயரத்தை அளத்தல் ஆகாது. ஆகவே தேர்ந்த வைத்தியர் கத்தியை எடுக்குமுன் கேள்விகளை எடுப்பார். வருத்துவது எவ்விடம்? எக்காலம் முதல்? இது உம் விருப்பமா, வீட்டார் விருப்பமா? செய்தபின் யாது நிகழுமென எதிர்பார்க்கிறீர்? ‘கழுத்தைத் திருப்ப வேண்டும்’ என்ற விடைக்குச் சத்திரசிகிச்சை துணைசெய்யும். ‘என்னை எவரும் உற்றுப் பார்க்கலாகாது’ என்ற விடைக்கு வைத்தியர் ஒருவர் போதார்.

இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்திலே ஆர்ச்சிபால்ட் மக்கின்டோ என்னும் நிபுணர், முகம் எரிந்த விமானிகளுக்குச் சிகிச்சை செய்தார். சிகிச்சை முடியுமுன்னரே அவர்களை ஈஸ்ட் கிரின்ஸ்டெட் நகரத் தெருக்களில் உலவ விட்டார்; உற்றுப் பார்க்க வேண்டாமென ஊராரை வேண்டிக்கொண்டார். ஊரார் அவர்களைத் தம் இல்லங்களுக்கு விருந்துக்கு அழைத்தனர். ‘உற்றுப் பார்க்காத ஊர்’ என்னும் பெயர் அந்நகருக்கு இன்றும் வழங்குகின்றது.