எண்ணிப் பார்த்து வாங்குவோம், சரிபார்த்து நிறுவுவோம்!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், ஊக்குநர்களுக்கும் கணக்காளர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேசப் போவது கம்ப்யூட்டரைப் பற்றி. "நமக்கு எதுக்குங்க இதெல்லாம், கடைக்காரர்கிட்ட குடுத்தா பண்ணிக் குடுத்துடுவாரே" என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நம் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருப்பது என்ன? நம் குழுக்களின் சேமிப்புக் கணக்கு, யாருக்கு எவ்வளவு கடன், எத்தனை தவணை பாக்கி, வங்கிக் கணக்கு எண், உறுப்பினர்களின் ஆதார் நகல். இத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதனால் அதற்குள் என்ன போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. நம்மிடம் இருப்பது போன்ற பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் விண்டோஸ் 10 இருக்கும். அதற்கு வழக்கமாகக் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. புதுக் கம்ப்யூட்டர் வாங்க எல்லாக் கூட்டமைப்பிலும் நிதி இருக்காது.

அதற்காக நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் திருட்டு சி.டி.யைப் போட்டுக்கொள்ளலாமா? கூடாது. அதில் யார் என்ன சேர்த்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. காசு கொடுக்காமல், சட்டப்படியே போட்டுக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அதுதான் லினக்ஸ். உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் இந்த வகைதான். அரசு கொடுத்த பள்ளி மடிக்கணினிகளில் உங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்திருப்பார்கள்.

ஒரு காலத்தில் உபுண்டுவின் சி.டி.யை இலவசமாகத் தபாலிலேயே அனுப்பினார்கள். 2011-ல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இணையத்திலிருந்து நாமே இறக்கி, நாமே டி.வி.டி.யில் எழுதிக்கொள்ள வேண்டும். அங்கேதான் கவனம் தேவை.

ஐ.எஸ்.ஓ. என்றால் என்ன?

இணையத்திலிருந்து இறங்குவது ஒரே ஒரு கோப்பு. அதன் பெயர் 'ஐ.எஸ்.ஓ.' என்று முடியும். ஒரு முழு டி.வி.டி.யை அப்படியே அச்செடுத்து ஒரே பொட்டலமாகக் கட்டியது போன்றது அது. லினக்ஸ் மின்ட் என்றால் சுமார் 3 ஜி.பி. இருக்கும். சி.டி.யில் 700 எம்.பி. தான் கொள்ளும், பத்தாது. டி.வி.டி.யில் 4.7 ஜி.பி. கொள்ளும், அது போதும். உபுண்டுவின் இப்போதைய கோப்பு 5 ஜி.பி.யையும் தாண்டிவிட்டது, அது சாதாரண டி.வி.டி.யில் அடங்காது. அதனால் பழைய கம்ப்யூட்டருக்கு மின்ட் வசதி. 4 ஜி.பி. ராம் இருந்தால் நன்றாக ஓடும்.

இத்தனை பெரிய கோப்பு நம் ஊர் நெட்டில் இறங்கும்போது நடுவில் கரண்ட் போகும், சிக்னல் போகும். கோப்பு அரைகுறையாக நின்றாலும் சில நேரம் பெயர் அதே பெயராக இருந்துவிடும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

முதல் சோதனை: கோப்பின் கைரேகை

நாம் கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வந்தவர்கள். ஒருவர் ரேகை மாதிரி இன்னொருவர் ரேகை இருக்காது என்பது நமக்குத் தெரியும். கோப்புக்கும் அதுபோல ஒரு ரேகை உண்டு. 'செக்சம்' என்பார்கள். இப்போது அதிகம் பயன்படுவது 'ஷா-256'. கோப்பு முழுவதையும் கம்ப்யூட்டர் கணக்கிட்டு, 64 எழுத்துகள் கொண்ட ஒரு வரியைக் கொடுக்கும். அதில் 0 முதல் 9 வரை எண்களும், ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும் மட்டும் வரும். கோப்பில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அந்த வரி முழுக்க மாறிப்போகும்.

லினக்ஸ் வெளியிடுபவர்கள் கோப்போடு சேர்த்து அந்த வரியையும் இணையத்தில் போடுகிறார்கள். விண்டோஸிலேயே 'செர்ட்யூட்டில்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தால் நாம் இறக்கிய கோப்பின் வரியைக் காட்டும். கட்டளையை எப்படி அடிப்பது என்று கம்ப்யூட்டர் படித்த பிள்ளையிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் படிக்க, ஒருவர் சரிபார்க்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தையும் பாஸ்புக்கையும் ஒத்துப் பார்ப்போமே, அதே மாதிரிதான். ஒத்துவந்தால் மேலே போகலாம். ஒத்துவராவிட்டால் தயங்காமல் அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

"இத்தனை சந்தேகம் வேணுமா?" என்று கேட்கலாம். வேண்டும். 2016 பிப்ரவரி 20-ம் தேதி லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள்ளேயே விஷமிகள் புகுந்துவிட்டார்கள். பதிவிறக்கும் இணைப்பை மாற்றி, பின்வாசல் வைத்த ஒரு போலிக் கோப்பை இறங்கச் செய்தார்கள். மின்ட் குழுவினர் மறுநாளே அதை வெளிப்படையாக அறிவித்தார்கள். சரியான செக்சம் வரிகளையும் வெளியிட்டு, ஒத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒத்துப் பார்த்தவர்களுக்குப் போலி எது என்று தெரிந்தது. அப்படியே நிறுவியிருந்தால்? நம் பாஸ்வேர்டு எல்லாம் யார் கைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். தளத்துக்குள் புகுந்தவன் கோப்போடு சேர்த்து அந்த வரியையும் மாற்றிவிட்டால்? அதற்காகத்தான் செக்சம் பட்டியலுக்கு டிஜிட்டல் கையெழுத்தும் போடுகிறார்கள். பெட்டி ஒருவரிடமும் சாவி இன்னொருவரிடமும் இருக்க வேண்டும் என்று நாம் வைத்திருக்கும் விதி மாதிரிதான் இது. கையெழுத்தைச் சோதிக்கும் முறையையும் மின்ட் தளத்திலேயே விளக்கியிருக்கிறார்கள். தெரிந்தவரை அழைத்து அதையும் செய்துவிடுவது நல்லது.

இரண்டாவது சோதனை: எழுதிய டி.வி.டி.

கோப்பு சரி. இனி டி.வி.டி. ஐ.எஸ்.ஓ. கோப்பை, போட்டோவைக் காப்பி செய்வது போல டி.வி.டி.யில் போட்டால் வேலை செய்யாது. பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே உள்ளே வைத்தது போல ஆகிவிடும். விண்டோஸ் 7-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும், அந்தக் கோப்பின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் 'பர்ன் டிஸ்க் இமேஜ்' என்று வரும். அதைத்தான் எடுக்க வேண்டும். அதே பெட்டியில் 'வெரிஃபை டிஸ்க் ஆஃப்டர் பர்னிங்' என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். கட்டாயம் அதில் டிக் போடுங்கள். எழுதியதை மறுபடி படித்துப் பார்த்து, சரியா தப்பா என்று சொல்லும். கொஞ்ச நேரம் கூடுதலாகும், பரவாயில்லை.

டி.வி.டி.யை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். கீறல், எண்ணெய்க் கை இரண்டும் ஆகாது. எழுதும்போது கம்ப்யூட்டரில் வேறு வேலை செய்யாதீர்கள். கரண்ட் போகும் நேரம் தெரிந்தால் அந்த நேரத்தைத் தவிருங்கள்.

புதுக் கம்ப்யூட்டர்களில் டி.வி.டி. போடும் இடமே இருக்காது. அதற்கு இதே கோப்பை 'ரூஃபஸ்', 'எட்சர்' போன்ற மென்பொருள் மூலம் பென் டிரைவில் எழுதலாம். பென் டிரைவில் ஏற்கனவே இருந்தது எல்லாம் அழிந்துவிடும், ஞாபகம் இருக்கட்டும்.

மூன்றாவது சோதனை: போட்டுப் பார்த்துவிட்டு முடிவு

டி.வி.டி.யைப் போட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எஃப்12 அல்லது எஸ்கேப் போன்ற ஒரு பொத்தானை அழுத்தி, டி.வி.டி.யிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். பொத்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லினக்ஸில் ஒரு நல்ல வசதி, ஹார்டு டிஸ்கைத் தொடாமலேயே டி.வி.டி.யிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர் வேலை செய்கிறதா, நெட் வருகிறதா, தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா, நம் எக்செல் கணக்குகள் 'லிப்ரே ஆபிஸ்' மென்பொருளில் திறக்கின்றனவா என்று பாருங்கள். டேலி போல விண்டோஸுக்காகவே செய்த மென்பொருளில் கணக்கு வைத்திருந்தால், அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. அதை யோசித்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால்

நிறுவும்போது 'எரேஸ் டிஸ்க்' என்று ஒன்று கேட்கும். அதற்குச் சரி சொன்னால் பழையது எல்லாம் போய்விடும். கோளாறான டி.வி.டி. என்றால், பழையதும் அழிந்து, புதியதும் ஏறாமல், பாதியில் நின்றுவிடும். அப்போது கடன் கணக்கை எங்கே தேடுவது? ஆகவே முதலில் எல்லாக் கணக்கையும் இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள். எடுத்த காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத காப்பியால் நமக்குப் பயனில்லை. எந்தத் தேதியில், யார் எடுத்தது, எங்கே வைத்திருக்கிறது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, இருவர் கையெழுத்துப் போடுங்கள்.

வெளியாளை வைத்துச் செய்தாலும் தப்பில்லை. ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள்: "இந்த டி.வி.டி. எங்கிருந்து இறக்கினது? செக்சம் பாத்தீங்களா? எழுதினப்புறம் வெரிஃபை பண்ணீங்களா?" பதில் சொல்லத் திணறினால், வேலையை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். ஒரு நாளில் ஒன்றும் குறைந்துவிடாது.

சகோதரிகளே, பத்து ரூபாய் சந்தாவைக் கூட எண்ணிப் பார்த்து, பேரேட்டில் எழுதிய பிறகுதான் பெட்டியில் போடுகிறோம். அந்தப் பழக்கம்தான் நம் குழுக்களை இத்தனை வருடம் காப்பாற்றியது. கம்ப்யூட்டர் வேலையிலும் அதே பழக்கத்தைக் கைவிடாமல் இருப்போம். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பிலிருந்தும் ஒருவர் வந்து, ஒரு கோப்பின் ரேகையைச் சரிபார்த்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.