தந்தையானவருக்கும் துணை வேண்டும்

புகழ் அனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.



சில வாரங்களுக்கு முன், இஷாத் தொழுகை முடிந்தபின் ஓர் இளைஞர் நம் பள்ளிவாசல் தூணருகே தனியே காத்திருந்தார். அவருக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். "ஹழ்ரத், எல்லோரும் வாழ்த்துகிறார்கள், எனக்கோ மகிழ்ச்சியே வரவில்லை. உறக்கமில்லை. வேலையில் மனம் ஒட்டவில்லை. பிள்ளை அழுதால் வெளியே போய்விடத் தோன்றுகிறது. நான் அல்லாஹ்வுக்கு நன்றி கெட்டவனா?" என்று கேட்டார்.

அந்த இளைஞர் நன்றி கெட்டவர் அல்லர், துணையின்றித் தவிப்பவர். பல நாடுகளின் 43 ஆய்வுகளைத் தொகுத்து 2010-ஆம் ஆண்டு வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை, தந்தையாகும் ஆண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருவதாகவும், குழந்தையின் மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை அது மிகுதியாக இருப்பதாகவும் கூறுகிறது.

நம் வழக்கத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். தலைப்பிரசவத்திற்கு மனைவி தாய்வீடு செல்கிறாள். அவளைச் சுற்றி உம்மா, பாட்டி, மாமி எனப் பலர் இருக்கிறார்கள். அது தேவையே. தாய் பலவீனத்திற்கு மேல் பலவீனத்தைத் தாங்கிச் சுமப்பதை அத்தியாயம் லுக்மான் நமக்கு நினைவூட்டுகிறது. ஆனால் தறிக்குழியில் இருக்கும் கணவனிடமும், ஸ்ரீபெரும்புதூருக்கு இரவு ஷிஃப்ட் செல்லும் கணவனிடமும் நாம் கேட்பது ஒன்றே: "ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன செய்தாய்?"

உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்பதை அத்தியாயம் அல்பகராவின் 233-ஆம் வசனம் தெளிவாக்குகிறது. ஆனால் அதோடு அந்த வசனம் நின்றுவிடவில்லை. பால்குடி மறக்கச் செய்வதைக்கூடத் தாயும் தந்தையும் மனமொத்து, கலந்தாலோசித்து முடிவு செய்யலாம் என்கிறது. ஆலோசிக்க வேண்டியவன் அறிந்திருக்க வேண்டாமா?

பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுதவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கியவர்கள். வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவியவர்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பிள்ளையைத் தூக்குவதால் ஆண்மை குறையும் என்று எண்ணுவோருக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

சகோதரர்களே! இன்று எல்லோர் கையிலும் இருக்கும் கைப்பேசி இதற்கு உதவக்கூடும். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பிளெட்சர் என்பவரின் தலைமையில் 'எஸ்.எம்.எஸ். ஃபார் டாட்ஸ்' என்னும் இலவசத் திட்டம் உருவானது. தந்தையாகப் போகிறவர் பதிவு செய்துகொண்டால், கர்ப்ப காலத்திலிருந்தே குறுஞ்செய்திகள் வரத் தொடங்கும். சில செய்திகள் குழந்தையே தந்தையிடம் பேசுவதுபோல் அமைந்திருக்கும். இடையிடையே "உங்கள் மனம் எப்படி இருக்கிறது?" என்ற விசாரிப்பும் வரும். துன்பத்தில் இருப்பதாகப் பதில் அளிப்பவருக்குத் தொலைபேசி வழியே உதவி கிடைக்கும்.

நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டு மத்திய சுகாதார அமைச்சகம் சில மாநிலங்களில் 'கில்காரி' என்னும் சேவையைத் தொடங்கியது. கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை, வாரம் ஒரு குரல்செய்தியாக மொத்தம் 72 செய்திகள். அவை தாய்க்கு உரியவை. ஆயினும் பல வீடுகளில் கைப்பேசி இருப்பது கணவனிடம். மனத்துயருக்கென 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். தூணருகே நின்ற அந்த இளைஞருக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்தது இந்த எண்ணைத்தான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அதே கைப்பேசியில் முகம் புதைத்துப் பிள்ளையின் அழுகையைக் கேளாதிருப்போரும் உண்டு. குறுஞ்செய்தி பிள்ளையைத் தூக்காது; மருத்துவரின் இடத்தையும் அது நிரப்பாது. மனைவி காரணமின்றி அழுதாலும், பிள்ளை மீது பற்றின்றி இருந்தாலும், அதைக் குறையாகப் பேசாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நம் மஹல்லாவில் இதை எளிதாகத் தொடங்கலாம். அகீகா கொடுக்கும் வீட்டின் தந்தையிடம் எண்ணைக் கேட்டு வாங்குவோம். வாரம் ஒருமுறை, பிள்ளை வளர்த்த மூத்தவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடம் பேசி அனுப்பட்டும். 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசிகளை நினைவூட்டட்டும். இறுதியில், "நீ எப்படி இருக்கிறாய், தம்பி?" என்று கேட்கட்டும்.

நம் ஊர்க் கோர்வைச் சேலையை அறியாதவர் இல்லை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்பவர் எவ்வளவு தேர்ந்தவராயினும், கரைக்குரிய நாடாவை எறிந்து கொடுக்கப் பக்கத்தில் இன்னொருவர் அமர வேண்டும். பிள்ளை வளர்ப்பும் அவ்வாறே. தாய் தனியாக நெய்ய முடியாது. தந்தையும் தனியாக அமர்ந்திருக்கக் கூடாது.

யா அல்லாஹ்! எங்கள் இளம் தந்தையரின் உள்ளங்களுக்கு அமைதியைத் தருவாயாக! எங்கள் குழந்தைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! ஒருவருக்கொருவர் துணை நிற்கும் சமுதாயமாக எங்களை வாழச் செய்வாயாக! ஆமீன்.