தேசிங்கு, மகபத்கான், அப்புறம் நாம

(சிங்கவரம் காலனிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மலைமேல படுத்திருக்கிற ரங்கநாதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் தேசிங்கு சண்டைக்குப் போனான் என்று நம்ம பக்கத்தில் பாடுவார்கள். சாமி முகத்தைத் திருப்பிக்கிச்சு, போகாதேன்னு காட்டிச்சு, அவன் கேக்கலை. கல்யாணத்தை விட்டுவிட்டு ஓடிவந்து அவனுக்குத் தோள் கொடுத்தவன் மகபத்கான், ஒரு முஸ்லிம். 1714இல் ரெண்டு பேரும் செத்தார்கள். எதிரில் நின்ற ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானும் முஸ்லிம்தான். அப்ப இது மதச் சண்டையா? கப்பப் பாக்கிச் சண்டை.

அந்த நவாபிடம் தளபதியாக இருந்த தோடர்மால் ஒரு இந்து. உடையார்பாளையத்திலிருந்து காஞ்சி வரதராஜரை 1710இல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். முஸ்லிம் என்றாலே கோயிலை இடிப்பவன் என்று பேசிக்கொண்டு திரிகிறவனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பதில் வராது, அது வேற விஷயம்.

ஆனால் இந்த நல்லிணக்கத்தில் நாம எங்கே? ராஜாவும் கானும் சிநேகிதம், நவாபும் தோடர்மாலும் சிநேகிதம். குதிரைக்குப் புல் அறுத்தவனும் கோட்டைக்குக் கல் சுமந்தவனும் அந்தப் பந்தியில் இல்லை. நாம் கோயில் படியேற 1947இல் சட்டம் வரவேண்டியிருந்தது. சட்டம் வந்தும் என்ன? நம்ம விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், நாம் உள்ளே போகக்கூடாது என்று தகராறு செய்து, 2023இல் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைக்கும்படி ஆயிற்று.

ஐரோப்பாவில் இன்றைக்கு முஸ்லிம்களைப் பார்த்து, மற்ற மதத்தாரை மதிக்கிறாயா என்று கேட்கிறார்கள். இங்கேயும் கேட்கிறார்கள். இங்கே கேட்கிறவன் யார்? நமக்குத் தனி கிளாஸ் வைத்தவன். சின்ன வயசில் அப்பாவோடு செஞ்சி சந்தைக்குப் போவேன். ஊர்க்காரன் எங்கப்பாவை "டேய்" என்பான். ஒரு பாய் கடையில் மட்டும் "வாங்கண்ணே, உக்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போடுவார். சாகிறவரைக்கும் அப்பா அந்த ஸ்டூலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். 1981இல் மீனாட்சிபுரத்தில் குடும்பம் குடும்பமாக இஸ்லாத்துக்குப் போனவர்களை, அரபுப் பணத்துக்கு விலைபோனவர்கள் என்று எழுதினார்கள். ஸ்டூலைப் பற்றி எவனும் எழுதலை.

இதைச் சொல்லி மற்றதை மறைக்கவும் கூடாது. தொழுகையில் பக்கத்தில் நிற்கவிட்டு, பெண் கேட்டால் பூர்வீகம் விசாரிக்கிற பாய்களும் இருக்கிறார்கள். முஸ்லிம்களுக்குள்ளும் அஷ்ராஃப், அஜ்லாஃப், அர்ஸால் என்று அடுக்கு இருப்பதை 2006இல் சச்சார் குழுவே எழுதியது. அரசாங்கம் அதற்கு மேல். 1950 ஆணையில் பட்டியல் சாதி உரிமையை இந்துவுக்கு மட்டும் என்று வைத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவை முஸ்லிமான தலித்துக்குத் திறக்கலை.

ஆகவே, செஞ்சியில் ஜமாஅத் பெரியவர்களைப் போய்ப் பார்ப்போம் என்கிறேன். பிரியாணிக்கு அல்ல. மேல்பாதி ஜனங்கள் வாசலில் நின்றபோது நீங்க எங்கே இருந்தீங்க என்று கேட்க வேண்டும். அவர்களும் நம்மைக் கேட்பார்கள்: 1992 டிசம்பரில் பாபர் மசூதியை இடித்தபோது உங்க பையன்கள் யார் பக்கம் நின்றார்கள்? அதுக்கும் பதிலை யோசித்து வைத்துக்கொண்டு வாருங்கள்.