எஞ்சின் மாற்றிய டிராக்டர் கிளம்ப மறுக்கிறதா?

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பழைய டிராக்டரின் எஞ்சின் தேய்ந்துவிட்டால், வேறொரு எஞ்சினை வாங்கிப் பொருத்துவது சிலருக்குச் சிக்கனமாகப் படுகிறது. ஆனால் பொருத்திய பின் செல்ப் போட்டால் எஞ்சின் சுற்றுகிறதே தவிரக் கிளம்புவதில்லை. உடனே இன்ஜக்‌ஷன் பம்பைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறோம். செலவு ஒருபுறம் இருக்க, மண்ணில் ஈரம் உள்ள நாட்களில் உழவு நின்றுபோகிறது. எஞ்சின் மாற்றும்போது கழற்றி மாட்டப்படுபவை வயர்களும் குழாய்களும்தான். ஆகவே கோளாறை முதலில் அங்கே தேடுங்கள்.

முதலில் புகையைக் கவனியுங்கள்

கியரை நியூட்ரலில் வைத்து, பிரேக்கைப் பூட்டிவிட்டு, செல்ப் போடுங்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் குறை பாட்டரியிலோ எர்த்திலோ இருக்கிறது. வேகமாகச் சுற்றியும் புகையே வரவில்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. வெண்புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். அப்போதுதான் ஹீட்டர், டைமிங், கம்ப்ரஷன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சாவியில் ஒளிந்திருக்கும் கோளாறு

பழைய எஞ்சினைக் கம்பி இழுத்து நிறுத்தியிருப்பீர்கள். புதிதாக வந்த எஞ்சினின் பம்பில் டீசலைத் திறந்து மூடும் சோலனாய்டு இருக்கலாம். பெரும்பாலான சோலனாய்டுகளுக்கு, எஞ்சின் ஓடும் வரை மின்சாரம் வந்துகொண்டே இருக்க வேண்டும். சாவி சுவிட்சில் சில முனைகள், செல்ப் போடும் அந்த நேரத்தில் மட்டும் மின்சாரத்தை நிறுத்திவிடும். அந்த முனையிலிருந்து வயர் எடுத்திருந்தால், சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும் வரை டீசல் போகாது. கையை விட்டதும் எஞ்சின் ஒருமுறை உதறிவிட்டு நின்றுவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு 12 வோல்ட் பல்பு போதும். ஒரு வயரைச் சோலனாய்டு முனையிலும் மற்றதை பாட்டரியின் மைனஸிலும் வையுங்கள். மற்றொருவர் செல்ப் போடட்டும். பல்பு அப்போதும் எரிய வேண்டும். அணைந்தால் வயரை வேறு முனைக்கு மாற்றுங்கள். டாங்கிலிருந்து டீசலை அனுப்ப மின்சாரப் பம்பு வைத்திருந்தால் அதற்கும் இதே சோதனைதான். அந்தப் பம்பிற்கு ரிலே வைத்து, பாட்டரிக்கு அருகிலேயே ப்யூஸ் போட்டு வயர் கொடுப்பது பாதுகாப்பானது.

எர்த் பட்டையை மறவாதீர்கள்

எஞ்சினுக்கும் சேஸிக்கும் இடையேயுள்ள எர்த் பட்டை மாட்டாமலே விடப்படுவதுண்டு. பெயிண்ட் மேல் மாட்டப்படுவதும் உண்டு. பெயிண்டைச் சுரண்டி, பளபளப்பான இரும்பில் இறுக்குங்கள். செல்ப் போடும்போது பாட்டரி மைனஸிற்கும் எஞ்சினுக்கும் இடையே மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. முழுதாகச் சார்ஜ் ஆன பாட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ப் போடும்போது 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் பாட்டரியைச் சோதித்துப் பாருங்கள்.

காற்று புகுந்திருந்தால்

காலையில் மட்டும் கிளம்பத் தாமதமாகி, பிறகு எளிதில் கிளம்பினால், டாங்கிலிருந்து வரும் குழாயில் காற்று புகுகிறதா என்று பாருங்கள். டீசலை உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தால் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். பழைய ரப்பர் குழாய்களையும் கிளிப்புகளையும் மாற்றுங்கள். டீசல் வரும் குழாயும் டாங்கிற்குத் திரும்பும் குழாயும் இடம் மாறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிறகு பில்ட்டரின் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றுங்கள். இன்ஜக்‌ஷன் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இன்ஜக்டரிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அங்கே கையை நீட்டாதீர்கள். பட்டால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் எஞ்சின் கிளம்பவில்லையென்றால், அப்போது பம்பைக் கழற்றலாம். அதற்கு முன் வேண்டாம்.