உயிர்ச்சத்து 'ஏ'யும் உறையும் குருதியும்



நீண்ட ஆயுள் வேண்டி மணிவிழாக் காண மக்கள் திரளும் ஊர் திருக்கடையூர். இங்குக் கூடியுள்ள நாம் நம் தெருக் குழந்தைகளின் ஆயுளை எண்ணிப் பார்த்தல் பொருத்தமேயாகும். யாம் மருத்துவர் அல்லோம்; கற்றதைப் பகிரும் ஆசிரியரே.

வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது பள்ளிப் பாடம். அதன் பணி கண்ணோடு முடிவதன்று. உடல் அதனை ரெட்டினாயிக் அமிலமாக மாற்றுகின்றது. அவ்வமிலம் உயிரணுவின் உட்கருவிற் புகுந்து, எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என ஆணையிடுகின்றது.

ஆற்றுக்கரை உடைந்தால் வைக்கோலும் மண்ணும் இட்டு அடைக்கின்றோம். அம்மண்ணே வாய்க்காலைத் தூர்த்துவிட்டால் கடைமடை காயும். கிருமி புகுந்து அழற்சி மிகும்போதும் இதுவே நிகழ்கின்றது. வெள்ளணுக்களுள் ஒருவகை, கிருமியின் நஞ்சு பட்டவுடன் 'திசுக்காரணி' என்னும் புரதத்தைத் தன்மேல் ஏந்துகின்றது. குருதி உறையத் தொடங்குகின்றது. அளவோடு உறைந்தால் கிருமி பரவாது. அளவு மீறினால் நுண்குழாய்கள் அடைபடும்; உறைபொருள்கள் தீர்ந்துபோய் வேறிடங்களிற் குருதி கசியும்.

ஆய்வுக்கூடத்தில் ரெட்டினாயிக் அமிலம் அவ்வணுக்களில் திசுக்காரணியைக் குறைத்தது. குழாயின் உட்சுவரில் உறைதலைத் தடுக்கும் திராம்போமாடுலினைப் பெருக்கியது. மனிதரிடத்தும் ஒரு சான்று உண்டு. உறைதல்முறை குலைந்து குருதிப்போக்கால் உயிர் போக்கும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு, சீனத்து ஷாங்காய் நகரில் வாங் சென் யீ முதலிய மருத்துவர்கள் இவ்வமிலத்தைக் கொடுத்தனர். 24 நோயாளர்க்கும் நோய் தணிந்தது என 1988இல் அறிவித்தனர். அவருள் 23 பேர்க்கு இம்மருந்து மட்டுமே போதியதாயிற்று. இன்று அந்நோய்க்கு இது முதன்மை மருந்துகளுள் ஒன்று.

இதைக் கேட்டு எவரும் மாத்திரை வாங்கி விழுங்கலாகாது. ஆய்வுக்கூடச் செய்தி மருந்துச்சீட்டு ஆகாது. வைட்டமின் ஏ மிகுந்தால் நஞ்சு. இவ்வகை மருந்தைக் கருவுற்ற பெண் உண்டால் சிசு ஊனமுறும்.

எனில், நமக்கு உரியது யாது? திருச்சி மாவட்டத்தில் ஏறத்தாழ 15,000 குழந்தைகளிடையே நடந்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. உணவிலிருந்தே பெறத்தக்க சிற்றளவு வைட்டமின் ஏ வாரந்தோறும் பெற்ற குழந்தைகளிடையே இறப்புப் பாதிக்குமேல் குறைந்தது. உணவால் தீரும் குறைக்கு உயிர்கள் பலியாயின என்பதே இதன் பொருள். நெல் விளைவித்த நம் முன்னோரின் பிள்ளைகட்கு மிஞ்சியது கஞ்சியே. வெள்ளரிசியில் வைட்டமின் ஏ இல்லை.

ஆகவே தாய்மார்களே, முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, பரங்கி, பப்பாளி ஆகியவற்றைக் குழந்தைகட்குக் கொடுங்கள். கீரையிற் சிறிது எண்ணெய் சேருங்கள். 9 மாதம் முதல் 5 வயது வரை அரசு வழங்கும் வைட்டமின் ஏ மருந்தைத் தவறவிடாதீர்கள். தட்டம்மை கண்டால் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இளைஞர்களே, பிறர் கண்டதைப் படிப்பதோடு அமையாதீர்கள். ஆய்வுக்கூடத்தின் கதவு உங்களுக்கும் உரியது. அடுத்த வெள்ளிவிழா மலரில் நம் தெருவிற் பிறந்த ஒருவர் கண்ட உண்மை இடம்பெறட்டும்.