செவ்வாய்க்கிழமை, எட்டாம் வகுப்பு



எனக்கு 14 வயது. சுவிஸில் சூரிச் மாநிலத்தில் செக்குண்டார் இரண்டாம் ஆண்டு, அதாவது எட்டாம் வகுப்புப் படிக்கிறேன். இந்த உரையின் எழுத்துப் பிழைகளை எங்கள் தமிழ்ப் பாடசாலை ஆசிரியை திருத்தித் தந்தார். கருத்துக்களை அவர் திருத்தவில்லை. "பள்ளிக்கூடத்தில இண்டைக்கு என்ன நடந்தது?" என்று நீங்கள் கேட்க, "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு நாங்கள் அறைக்குள் போய்விடுகிறோம். அந்த ஒண்டுமில்லைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு செவ்வாய்க்கிழமையை வைத்துச் சொல்லப் போகிறேன்.

காலை ஆறரைக்கு எழும்புவேன். அப்பா உணவகச் சமையலறையில் வேலை. இரவு பன்னிரண்டரைக்குத்தான் வருவார், ஆகவே அந்த நேரம் நல்ல நித்திரை. அம்மா முதியோர் இல்லம் ஒன்றில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்கிறார். அவர் ஆறு மணிக்கு முன்னரே போய்விடுவார். தம்பியை எழுப்பி, பாண் கொடுத்து, அவனுடைய பையில் ஒரு அப்பிள் வைப்பது என் பொறுப்பு. ஒன்பது, பத்து மணி இடைவேளைக்குச் சாப்பிடுவதை இங்கே ஸ்னூனி என்பார்கள். பழம், கரட், பாண் மாதிரிச் சாமான்தான் கொண்டுவரச் சொல்வார்கள். ஒருநாள் அம்மா ரோல்ஸ் கட்டிக் கொடுத்துவிட்டார். அரைவாசி வகுப்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, தம்பிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஏழரைக்கு முதல் பாடம். ஆசிரியர் வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். 2020இல் கொரோனா வந்தபோது கை கொடுப்பது நின்றுபோனது. இவர் திரும்பத் தொடங்கியிருக்கிறார். என் முழுப் பெயரையும் சுருக்காமல் சொல்லப் பழகியிருக்கிறார். அதற்காகவே எனக்கு இவரைப் பிடிக்கும்.

வகுப்பிலே எழுத்து ஜேர்மன், முற்றத்திலே சுவிஸ் ஜேர்மன். இரண்டும் ஒன்றுதானே என்று அப்பா நினைக்கிறார். இல்லை. பாலர் வகுப்பில் பேச்சுமொழிதான் இருக்க வேண்டும் என்று 2011இல் சூரிச் மக்கள் வாக்களித்தே முடிவு செய்தார்கள் என்றால் பாருங்கள், அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விடயம். இதற்கு மேலே ஆங்கிலம், பிரெஞ்சு. வீட்டிலே தமிழ். பிறகு நாங்கள் தமிழில் ஒரு சொல்லைத் தேடி நிற்கும்போது சிரிக்கிறீர்கள்.

செவ்வாயன்று கணிதச் சோதனைத்தாள் திரும்ப வந்தது. எனக்கு 5. இங்கே 6தான் ஆகக் கூடிய புள்ளி, 4 எடுத்தால் போதும். ஜேர்மனியில் தலைகீழ், 1தான் ஆகத் திறம். அங்கேயிருக்கும் பெரியம்மாவிடம் 5 என்று சொன்னால், "பரவாயில்லை பிள்ளை, அடுத்தமுறை கவனமாச் செய்" என்று ஆறுதல் சொல்வார்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வருவோம். பிள்ளைகள் மதியம் வீட்டிலே சாப்பிடுவார்கள், வீட்டிலே ஒரு தாய் இருப்பார் என்று நினைத்து அந்தக் காலத்தில் போட்ட ஒழுங்கு இது. இப்போது பாடசாலையிலேயே மதியச் சாப்பாடு இருக்கிறது, ஆனால் காசு கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் நான்தான் அந்தத் தாய். சோறும் பருப்பும் சூடாக்கி, முட்டை பொரித்து, தம்பியைச் சாப்பிட வைத்து, தபால்பெட்டியையும் பார்ப்பேன். அன்றைக்கு வந்த கடிதம் பாடசாலை முகாம் பற்றியது. காசு இல்லையென்று பிள்ளையை மறிக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். கட்டாயமான முகாமுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவு மட்டும்தான் எடுக்கலாம், அதுவும் வயதைப் பொறுத்து ஒரு நாளைக்கு 10இலிருந்து 16 பிராங் வரைதான் என்று சமஷ்டி நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரைக்குத் திரும்பவும் வகுப்பு. மத்தியானம் தொழில் தெரிவுப் பாடம். நான் இங்கே பேச வந்ததே இதைப் பற்றித்தான்.

கட்டாயப் பாடசாலை முடிய, இந்த நாட்டில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் தொழிற்பயிற்சிக்குத்தான் போகிறார்கள். கிம்னாசியம் போகிறவர்கள் குறைவு. தொழிற்பயிற்சி என்றால் படிப்பு முடிந்தது என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். கிழமையில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பாடசாலை, மிச்சநாள் வேலை, கையில் சிறிய சம்பளம், 20 வயது வரை ஆண்டுக்கு ஐந்து கிழமை விடுமுறை. அதோடு தொழில்சார் மத்தூரா செய்தால் உயர் தொழிற்கல்லூரிக்குப் போகலாம், இன்னொரு சோதனை எழுதினால் பல்கலைக்கழகத்துக்கும் வழி இருக்கிறது. கதவு பூட்டுவதில்லை, கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

நான் பராமரிப்புத் தொழில் பழக விரும்புகிறேன். இங்கே சுருக்கமாக ஃபாகே என்பார்கள், மூன்று வருடம். அதன் பிறகு தாதிப் படிப்பு. 2021 நவம்பரில் தாதிமாருக்காக நாடு முழுக்க வாக்கெடுப்பு வைத்தபோது 61 வீதம் பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். அவ்வளவுக்கு ஆள் பற்றாக்குறை.

இதைப் பற்றிப் போன மாதம் பெற்றோர் சந்திப்பு நடந்தது. ஆறாம் வகுப்புவரை இந்தச் சந்திப்புகளில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். "அவள் கெட்டிக்காரி, ஆனால் கை உயர்த்துவதில்லை" என்று ஆசிரியர் சொல்வார். அதை அப்பாவுக்கு "அவள்" என்று சொல்வதா, "நான்" என்று சொல்வதா என்று எனக்கு ஒருபோதும் விளங்கவில்லை. ஒன்றையும் மறைக்காமல்தான் சொன்னேன். ஆனால் என்னைப் பற்றிய நல்லதையும் கெட்டதையும் என் வாயாலேயே சொல்வது நல்ல வேலை இல்லை. இந்தமுறை பாடசாலை ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்தது. எங்களிடம் காசு கேட்கவில்லை. நான் அந்தக் கதிரையில் வெறும் பிள்ளையாக இருந்தேன். அப்பா முதல்தடவையாகத் தானாக ஒரு கேள்வி கேட்டார். "வயசான சனத்தைப் பாக்கிற வேலையில இவ சந்தோசமா இருப்பாவோ?" என்னிடம் அவர் இப்படிக் கேட்டதே இல்லை.

அம்மா அங்கே ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்துதான் சொன்னார். "நான் கீழை நிலவறையில அந்தச் சனத்தின்ரை துணி தோய்க்கிறன். நீ மேல்மாடியில அதுகளைக் குளிப்பாட்டப் போறியோ? இதுக்கோ நாங்கள் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்தனாங்கள்?"

படிப்பு விபரமெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, கலியாண வீட்டில கேட்டா என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

இதற்கு ஆசிரியரிடமும் மொழிபெயர்ப்பாளரிடமும் பதில் இல்லை. கலியாண வீட்டில் கேட்கிறவர்கள் நீங்கள்தானே. "பிள்ளை டொக்டருக்கோ, எஞ்சினியருக்கோ?" என்று கேட்பீர்கள். நான் பதில் சொல்லி முடிக்கமுன்னம் அடுத்த மேசைக்குப் போய்விடுவீர்கள். என் அம்மா அங்கேயே நிற்பார். நாளைக்கு உங்களில் யாரோ ஒருவர் வயதாகி அந்த மேல்மாடிக்கு வரும்போது, சுவிஸ் ஜேர்மனும் தமிழும் தெரிந்த ஒரு ஆள் அங்கே நின்றால் நல்லது என்று எனக்குப் படுகிறது. கொஞ்சம் கூடக் கதைக்கிறேன் என்றால் மன்னியுங்கள்.

மிச்சச் செவ்வாய்க்கிழமை விரைவாக முடியும். நாலே கால் மணிக்குப் பாடசாலை விடும். அப்பா மத்தியான ஓய்வுக்கு வந்து, நாலரைக்குத் திரும்ப வேலைக்குப் போவார். வாசலில் நான் சப்பாத்தைக் கழற்ற, அவர் தன் சப்பாத்தைப் போடுவார். "சாப்பிட்டியே?" "ஓம்." நின்று கதைப்பதென்றால் பாடசாலை இல்லாத புதன் பின்னேரம்தான். பிறகு வீட்டுப்பாடம், தம்பியின் கணக்கு, தமிழ்ப் பாடசாலைக் கட்டுரை, நித்திரை.

அடுத்த கிழமை மூன்று நாள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பழகிப் பார்க்கப் போகிறேன். அம்மாவின் இல்லம் இல்லை, வேறு ஊரில். தினமும் என்ன செய்தேன் என்று ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். அம்மா இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. அந்தக் குறிப்பேட்டை இரவில் தனக்குத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்.